ஒரு வெள்ளிக்கிழமை தள்ளிப்போன பால்

இலங்கைக்குப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். கோயிலுக்கா, ஊர் சுற்றவா? மாட்டு மடியில் பால் எடுக்கப் போகிறேன் என்றேன். அதோடு விட்டுவிட்டார்கள்.

நான் நாமக்கல்லில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். பாலிலும் முட்டையிலும் கிருமி இருக்கிறதா, மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இருக்கிறது என்று சொன்னால் கொண்டுவந்தவருக்குப் பிடிக்காது. இல்லை என்று சொன்னால் எனக்கே நம்பிக்கை வராது. காலையில் மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு மாலையில் அதே பாலைக் கேனில் ஊற்றி அனுப்புகிற ஆட்களோடு சண்டை போட்டுப் போட்டு என் குரலே தடித்துப்போய்விட்டது. ஊரில் என்னைச் சண்டைக்காரி என்பார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

என்னைக் கூப்பிட்டவள் சுபா. யாழ்ப்பாணத்துப் பெண். எங்கள் பக்கம் வந்து மாட்டு வைத்தியம் படித்தபோது எங்கள் ஆய்வுக்கூடத்தில் சில மாதம் பழகினாள். இப்போது யாழ்ப்பாணத்தில் கால்நடை வைத்தியர். தீவுப் பக்கத்து மாடுகளின் பாலை வைத்து ஒரு சிறிய ஆய்வு தொடங்கியிருந்தாள். "அக்கா, ரெண்டு கிழமை வந்து நிண்டு கை குடுங்கோ" என்று போனில் சொன்னாள். கிழமை என்றால் அங்கே வாரம்.

விஷயம் இதுதான். மாட்டின் தோலில், குடலில், மடிக்காம்பின் துளையில், இரத்தத்து வெள்ளையணுக்களில் எல்லாம் குட்டிக் குட்டிப் புரதத் துண்டுகள் இருக்கின்றன. பெப்டைடு என்று பெயர். கிருமி உள்ளே நுழைந்தால் அதன் மேலுறையில் ஒட்டி, ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். மருந்துக்கடை வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உயிர்கள் உடம்பிலேயே வைத்திருக்கும் மருந்து. கோழிக்கும் உண்டு, தவளைக்கும் உண்டு, நமக்கும் உண்டு. உப்புப் புல்லைத் தின்று, முள்ளுக்குள் படுத்து, ஊசியையே அதிகம் பார்க்காத தீவு மாடுகளின் பாலில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது சுபாவின் ஆசை.

நாட்டு மாடு என்றாலே அமிர்தம் என்று பேசிப் பிழைக்கிற கூட்டம் எங்கள் ஊரில் நிறைய. அந்தப் பேச்சு என்றால் நான் வரமாட்டேன் என்றேன்.

"அமிர்தமோ தண்ணியோ எண்டு பாக்கத்தானே கூப்பிடுறன்" என்றாள். அதனால் வந்தேன்.

முதல் நாள் காலை சுபாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவே ஐஸ் பெட்டியை இறுக்கிக்கொண்டு பண்ணைப் பாலத்தைத் தாண்டினேன். பாலம் என்றால் கடலுக்கு நடுவே போட்ட ரோடு. இரண்டு பக்கமும் முழங்கால் அளவுத் தண்ணீர். அதில் ஆட்கள் நடந்துபோய் வலை பார்க்கிறார்கள். கடலில் நடக்கிறவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் முழங்கால் தண்ணீருக்கு ஏரி என்று பெயர் வைத்து, சுற்றி வேலியும் போட்டிருப்பார்கள்.

வேலணையில் தேநீர்க் கடைக்காரர் "வெறும் தேத்தண்ணியோ, பால் தேத்தண்ணியோ?" என்று கேட்டார். பால் என்றேன். ஒரு பாக்கெட்டை உதறிப் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தார். கடை வாசலில் ஒரு பசு வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது.

"ஏங்க, வாசல்ல மாடு நிக்குது. நீங்க மாவக் கலக்குறீங்க" என்றேன்.

"உது ஆரின்ர மாடெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார் அவர். "மா எண்டால் பாக்கெட்டுக்குள்ளை நிக்கும், அக்கா. கூப்பிட்ட உடனை வரும். மாடு வராது."

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. இங்கே மாடுகள் தம் பாட்டுக்கு மேய்கின்றன. காதில் வெட்டிய அடையாளத்தை வைத்துத்தான் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தாலும் மாடு நிற்க வேண்டும். அன்று நாங்கள் பால் எடுத்த நேரத்தைவிட மாட்டின் பின்னால் ஓடிய நேரம் அதிகம். மாடுகள் சின்னவை. எங்கள் ஊர்ப் பெரிய கறவைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கன்று என்பார்கள். ஆனால் உதை பெரிய மாட்டு உதைதான்.

இரண்டாம் நாள் நெடுந்தீவு. படகில் ஏறியதும் ஐஸ் பெட்டி வழுக்கி ஒரு பெரியவர் காலில் இடித்தது. மன்னிப்புக் கேட்டேன். "உள்ளை மீனோ?" என்றார். மாட்டுப் பால் எடுக்கக் கொண்டுபோகும் வெறும் பெட்டி என்றேன். "வெறும் பெட்டியோ இந்தப் பாரம்? நிரம்பினால் என்ர கால் கடலுக்குள்ளை" என்றார். பிறகு வழி முழுக்க அந்தப் பெட்டியின் மேலேயே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். நெடுந்தீவில் வீட்டு எல்லைகள் எல்லாம் பவளக்கல்லை அடுக்கிய மதில்கள். சாந்து இல்லை, சிமெண்ட் இல்லை. ஆடுகள் அதன் மேலேறி நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. மதியம் ஒரு வீட்டில் நண்டுக் கறியும் புட்டும் போட்டார்கள். கை கழுவ மனம் வரவில்லை. நாமக்கல்லில் முட்டையை நூறு விதமாகச் சமைப்போம். அந்த நூறையும் இந்த ஒரு நண்டுக்குக் கொடுத்துவிடலாம்.

புதன்கிழமைதான் பரமேசக்காவைப் பார்த்தேன்.

வேலணையில் பனந்தோப்பை ஒட்டிய வீடு. பரமேசக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவள் கணவர் நடேசண்ணை வெங்காயமும் புகையிலையும் போடுகிறவர். பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். வீட்டில் இருப்பது இவர்கள் இருவரும், சிவலை என்ற ஒரு பசுவும். சிவலை கன்று போட்டுச் சில வாரம் ஆகியிருந்தது.

போன மாரியில் சிவலை காணாமல் போயிருக்கிறது. தீவுப் பக்கம் மாடு காணாமல் போனால் பெரும்பாலும் இறைச்சிக்கு வெட்டியிருப்பார்கள். பரமேசக்கா நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். மாடு உயிரோடு வந்தால், அடுத்த கன்றுக்குக் கறக்கும் பாலை முதலில் அம்மனுக்கு அபிஷேகத்துக்குக் கொண்டுவருவேன், அதுவரை வீட்டில் ஒருவரும் நாக்கில் வைக்கமாட்டோம் என்று. சில நாளில் அறுந்த கயிற்றோடு மாடு தானாக வந்து வாசல் படலையில் நின்றதாம். நேர்த்திக்கு நாள் குறித்திருந்தது வரும் வெள்ளிக்கிழமை.

மடியைத் தொட்டுப் பார்த்தேன். பின்னங்கால் பக்கம் இடது காம்பு கல் மாதிரி இருந்தது. சூடு வேறு.

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் கறக்கறீங்க?" என்று கேட்டேன்.

"கறக்கிறதோ? அம்மனுக்குப் போகாமல் கறந்து என்ன செய்யிறது? கன்றுக்குட்டி குடிக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கன்னுக்குட்டி தனக்குப் புடிச்ச காம்புல குடிச்சுட்டுப் போயிரும்ங்க. மிச்சம் மடியிலயே கட்டிக்கும். கறந்து கீழயாவது ஊத்தியிருக்கணும்."

"அம்மன்ர பாலை நிலத்திலை ஊத்துறதோ?"

"மடி அழுகிப்போனா அம்மனுக்கு எத ஊத்துவீங்க?"

சுபா என் முதுகில் கிள்ளினாள். பரமேசக்கா கோபிக்கவில்லை. "உவ நல்லாக் கதைக்கிறா" என்று சுபாவிடம் சொன்னாள். "எங்கை பிடிச்சனீங்கள்?"

நான் ஒரு கேள்வியை எல்லா இடத்திலும் கேட்பேன். இங்கும் கேட்டேன். "மருந்து ஏதாச்சும் போட்டீங்களா? ஊசி, காம்புக்குள்ள ஏத்துற டியூப்பு?"

"ஐயோ, மருந்துப் பால் அம்மனுக்கு ஆகாது" என்றாள் பரமேசக்கா. "வெள்ளி முடியட்டும். பிறகு என்ன ஊசியெண்டாலும் குத்துங்கோ."

நடேசண்ணையைப் பார்த்தேன். அவர் சிவலையின் கழுத்தைச் சொறிந்துகொண்டே "ஒண்டும் போடேல்லை" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

மாட்டுக்குக் காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது. அதனால் சுபா பொறுத்துப் பார்க்கலாம் என்றாள். சுடுநீரில் நனைத்த துணியால் ஒற்றி, வீங்கிய காம்பை அடிக்கடி ஒட்டக் கறந்துவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் நேர்த்தியும் இல்லை ஒன்றும் இல்லை, உடனே ஊசி. கறந்த கெட்ட பாலை எங்கே ஊற்றுவது என்று மறுபடி பேச்சு வந்தது. கடைசியில் தென்னை மரத்தடியில் ஊற்றினால் பாவம் இல்லை என்று பரமேசக்காவே தீர்ப்புச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்கு நல்ல மூன்று காம்பிலும் கறந்துகொள்ளலாம் என்று முடிவானது. நான் வீங்கிய காம்பில் கொஞ்சமும் நல்ல காம்பில் கொஞ்சமும் எடுத்துக்கொண்டேன்.

பரிசோதனையைச் சொல்லிவிடுகிறேன். சிரமமில்லை. வட்டமான கண்ணாடித் தட்டில் கஞ்சிப் பாகு மாதிரி ஒன்றை உறைய வைத்து, அதன் மேல் கிருமியைத் தடவுவோம். பாகில் சின்னச் சின்னக் குழி வெட்டி, பாலிலிருந்து பிரித்த சாற்றை விடுவோம். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். சாற்றில் கிருமியைக் கொல்லும் சரக்கு இருந்தால் குழியைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் தெளிவாக இருக்கும்.

வியாழக்கிழமை யாழ்ப்பாணத்தில் சுபாவின் ஆய்வுக்கூடத்தில் தட்டுகளை எடுத்தோம். மற்ற மாடுகளின் குழிகளைச் சுற்றி உற்றுப் பார்த்தால்தான் தெரியும், மெல்லிய கோடு. சிவலையின் வீங்கிய காம்புக் குழியைச் சுற்றிப் பெரிய பொட்டு அளவுக்குப் பளிச்சென்று வட்டம். நல்ல காம்புக்கும் சின்னதாக ஒன்று.

சுபா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அக்கா, பாருங்கோ. வீங்கின உடனை மடி எவ்வளவைச் சுரந்திருக்கு."

பொய் சொல்லமாட்டேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் கெட்ட சேதியாகவே பார்த்த கண்ணுக்கு அந்த வட்டம் அழகாக இருந்தது. இரண்டு பேரும் அதைப் போட்டோ எடுத்தோம். பிறகு சுபாவே சொன்னாள், நொதி போட்டுப் பார்ப்போம் என்று. பெப்டைடு என்றால் புரதம். புரதத்தைச் செரிக்கும் நொதியை அந்தச் சாற்றில் கலந்தால் பெப்டைடு துண்டு துண்டாகப் போய்விடும், வட்டம் வராது. வட்டம் வந்தால் அது பெப்டைடு இல்லை. கலந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். போகிற வழியில் கருவேல முள் குத்தி ஸ்கூட்டி சக்கரம் படுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய்த் தட்டைத் திறந்தோம். வட்டம் அப்படியே இருந்தது. ஒரு மயிரிழை குறையவில்லை.

 எனக்கு அந்த வட்டம் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. நாமக்கல்லில் தினமும் பார்க்கிற ஆள்தான். மருந்துக்கடை மருந்து. ஒரு காம்பில் போட்டாலும் இரத்தம் வழியாக மற்றக் காம்புக்கும் கொஞ்சம் போகும். நல்ல காம்பின் சின்ன வட்டம் அதுதான்.

"போட்டிருக்கினம்" என்றாள் சுபா.

"போட்டுட்டு இல்லைன்னு சொல்லியிருக்காரு" என்றேன். ஆய்வு கெட்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இன்னும் சற்று நேரத்தில் பரமேசக்கா அந்தப் பாலைத் தூக்கிக்கொண்டு படகேறப் போகிறாள். போன மாரியிலிருந்து காத்திருந்து, ஒரு சொட்டு நாக்கில் வைக்காமல், மருந்துப் பாலைக் கொண்டுபோய் அம்மனுக்கு ஊற்றப் போகிறாள். எனக்கு நேர்த்தியில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவளுக்கு இருக்கிறது. அவளை ஏமாற்ற யாருக்கும் உரிமை இல்லை.

சுபா போன் போட்டாள். அந்த வீட்டில் எங்களிடம் இருந்த ஒரே நம்பர் நடேசண்ணையுடையது. எடுத்தார். "அண்ணை, மருந்து ஏதும்..." என்று சுபா தொடங்கியதும் "பஸ்ஸுக்குள்ளை நிக்கிறம், பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் அணைத்து வைத்திருந்தார்.

நயினாதீவுப் படகு கிளம்பும் குறிகட்டுவானுக்குப் பஸ்ஸைப் பிடித்தோம். அல்லைப்பிட்டி தாண்டியதும் அது ஒரு சத்தம் போட்டு நின்றது. நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டு "பெல்ட் அறுந்திட்டுது, காத்து வாங்கிறவை இறங்கி வாங்குங்கோ" என்றார். காற்று மட்டும் அங்கே குறைவில்லை. ரோட்டில் நின்று கையை ஆட்டினோம். தண்ணீர் லாரி ஒன்று நின்றது. இங்கே அதற்குப் பவுசர் என்று பெயர். தீவுகளில் பல கிணறு உவர். குடிதண்ணீர் பவுசரில்தான் போகிறது. ஓட்டியவர் மண்டைதீவுக்காரர், பெயர் சூசை. மீன்பிடிக்கிற கிறிஸ்தவக் குடும்பம், கடலில் மீன் குறைந்த நாளில் பவுசர் ஓட்டுவாராம்.

"எங்கை ரெண்டு பேரும் இந்த ஓட்டம்?" என்றார்.

சுபா சொன்னாள். அவர் முழுதும் கேட்டார்.

"அம்மனுக்குப் போற பாலை மறிக்கப் போறியள். அதுவும் வெள்ளிக்கிழமை. அதுவும் வேதக்காரன்ர வாகனத்திலை" என்றார். "எனக்கு ஏன் இந்த வில்லங்கம்?" ஆனால் கால் மட்டும் வேகத்தை மிதித்தது. தண்ணீர் தளும்பி வளைவு தோறும் பவுசர் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி ஊரில் உள்ள தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். நம்பிக்கை இல்லை என்று சற்று முன் சொன்னேன். பவுசருக்குள் இருக்கும்போது அந்தக் கணக்கு வேறு.

குறிகட்டுவான் துறையில் படகுக்கு வரிசை. பரமேசக்கா பச்சைச் சேலை கட்டி, வாய்க்கு வாழையிலை கட்டிய செம்பை இரண்டு கையாலும் மார்போடு பிடித்து நின்றாள். எங்களைப் பார்த்து முகம் மலர்ந்தது. "நீங்களும் வாறியளோ? நல்லதாப் போச்சு."

நடேசண்ணை எங்களைப் பார்த்ததும் கடலைப் பார்க்கத் தொடங்கினார்.

சுபா எப்படித் தொடங்குவது என்று யோசித்தாள். எனக்கு அது வராது. "அக்கா, இந்தப் பால்ல மருந்து இருக்குதுங்க" என்றேன்.

"என்ன மருந்து? நான் போடேல்லை."

"நீங்க போடல."

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"இஞ்சாருங்கோ" என்றாள்.

"செவ்வாய் பின்னேரம் யாழ்ப்பாணம் போனனான்" என்றார் நடேசண்ணை, கடலைப் பார்த்தபடியே. "கடையிலை டியூப் ஒண்டு வாங்கினனான். புதன் விடிய, நீர் உள்ளுக்கை அடுப்பு மூட்டேக்கை போட்டனான்."

"ஏன்?"

"மடி போனால் மாடு போச்சுது." சட்டைப் பொத்தானைத் திருகினார். "போன மாரி அது காணாமல் போகேக்கை நீர் சாப்பிடாமல் படலையிலை நிண்டது எனக்கல்லோ தெரியும். அம்மன் பொறுத்துக்கொள்ளுவா. உம்மை இன்னொருக்கா அப்பிடிப் பாக்க எனக்கு ஏலாது."

திட்டுவதற்கு நான் ஒரு மூட்டை வார்த்தை கொண்டுவந்திருந்தேன். அத்தனையும் பவுசரிலேயே விட்டுவிட்டு இறங்கியது போல் ஆகிவிட்டது.

பரமேசக்கா அழவில்லை. செம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "ஒண்டுதான் போட்டனீங்களோ?"

"ஒண்டுதான்."

"டொக்டர், ஒண்டு காணுமோ?" இங்கே காணும் என்றால் போதும்.

"காணாது" என்றாள் சுபா. "மூண்டு போடவேணும். அரைகுறையாய் விட்டால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிடும்."

"போட்டதைத்தான் போட்டியள்" என்றாள் பரமேசக்கா கணவரிடம். "அதையெண்டாலும் ஒழுங்காப் போட்டியளோ?"

படகுக்காரர் ஏறுங்கோ ஏறுங்கோ என்று கத்தினார். நடேசண்ணை மெதுவாக, "இப்ப இதை என்ன செய்யிறது? உந்தத் தேத்தண்ணிக் கடையிலை குடுப்பமே? பசுப்பால் எண்டால் வாங்குவினம்" என்றார்.

பரமேசக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அம்மனுக்கு ஆகாததை ஆர் குடிக்கிறது? சனமோ?"

  இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தினேன். மருந்து போட்டால் அது உடம்பை விட்டுப் போகும்வரை பாலை விற்காதீர்கள் என்று நோட்டீஸ் அடித்தோம், கூட்டம் போட்டோம், கெஞ்சினோம். ஒருவரும் கேட்கவில்லை. கடவுளுக்கு ஒரு பால், குழந்தைக்கு ஒரு பால் என்று வைத்திருக்கிற ஊரிலிருந்து வந்தவள் நான்.

ரோட்டோரம் ஒரு பூவரச மரம் நின்றது. அதன் அடியில் செம்பைக் கவிழ்த்தாள். நடேசண்ணை குனிந்து, விழுந்த வாழையிலையை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று தெரியவில்லை. படகு எங்களை விட்டுவிட்டுப் போனது.

"எப்ப சுத்தமாகும்?" என்று என்னைக் கேட்டாள்.

"தட்டுல வட்டம் வர்றது நின்னா சுத்தம்ங்க. நின்னதும் சொல்றேன்."

அன்றே சுபா மீதி இரண்டு டியூபுக்கும் ஏற்பாடு செய்தாள். அடுத்த வாரம் முழுக்க எனக்கு அதுதான் வேலை. தினமும் வேலணைக்குப் போய்ச் சிவலையிடம் பால் எடுப்பேன். பரமேசக்கா மீனும் சொதியும் வைத்துச் சோறு போடுவாள். நடேசண்ணை கேட்காமலே கறந்து கேட்காமலே தென்னையில் ஊற்றுவார். அந்தத் தென்னை இந்த வருடம் நன்றாகக் காய்க்கும். கல்லாக இருந்த காம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. மருந்து தன் வேலையைச் செய்தது. அதை நான் மறைக்கவில்லை. மருந்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, கண்டபடி போடுகிறவர்கள் மேல்தான்.

வீட்டுப் போன் இப்போது பரமேசக்காவின் கையில் இருந்தது. தினமும் காலையில் அடிப்பாள்.

"வட்டம் போயிட்டுதோ?"

"இருக்குதுங்க. சின்னதாயிருச்சு."

"சரி. அது தன்ரபாட்டிலை போகட்டும்."

புதன்கிழமைப் பாலில் மருந்து வட்டம் இல்லை. கூடவே போட்டுவைத்த இரண்டாம் தட்டிலும் பார்த்தேன். இல்லை. நானே போன் போட்டுச் சொன்னேன். அவள் "ஓம்" என்று மட்டும் சொன்னாள். பின்னணியில் நடேசண்ணை "என்னவாம், என்னவாம்" என்று கேட்பது காதில் விழுந்தது.

அதே பாலிலிருந்து சாறு பிரித்து, அதைச் சுண்டவைத்துத் தட்டில் விட்டோம். குழியைச் சுற்றி ஒரு கோடு வந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பக்கத்துக் குழியில் நொதி கலந்து விட்டிருந்தோம். அங்கே கோடு இல்லை. அப்படியென்றால் அது சிவலையுடையது. கடையில் வாங்காதது. ஊர்காவற்துறைப் பக்கம் ஒருவர் வளர்க்கும் பெரிய கலப்பு மாட்டின் பாலிலும் அதே அளவுதான் வந்தது. சுபாவின் முகம் விழுந்துவிட்டது. தீவு மாடு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்று நினைத்திருந்தாள். "அப்படியே எழுது" என்றேன். "அமிர்தமும் இல்லை, தண்ணியும் இல்லைன்னு எழுது."

வெள்ளிக்கிழமை நான்கு பேரும் நயினாதீவுப் படகில். உள்ளே குனிந்து இறங்கி, பலகையில் ஒருவர் முழங்கால் ஒருவர் மேல் இடிக்க உட்கார வேண்டும். டீசல் வாடை. பாதிப் பேர் அம்மன் கோயிலுக்கு, மறுபாதி வெள்ளை உடுத்திய சிங்களவர்கள், விகாரைக்குப் போகிறவர்கள். எதிரே இருந்த சிங்களப் பெண் செம்பைக் காட்டி என்னவோ கேட்டாள். சுபாவுக்குச் சிங்களம் தெரியும், எனக்கு மாற்றிச் சொன்னாள். செம்பில் என்ன என்று கேட்டிருக்கிறாள். பால் என்றதும், மாவா பசுவா என்று கேட்டாள். பசு என்றதும் எழுந்து தள்ளி உட்கார்ந்து, "அப்படியானால் கவனமாகப் பிடியுங்கள், மாப்பால் என்றால் சிந்தினாலும் பரவாயில்லை" என்றாள். அலை தூக்கியபோது அவளும் ஒரு கையை நீட்டிச் செம்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கோயிலில் கூட்டம். நடேசண்ணை சட்டையைக் கழற்றித் தோளில் போட்டார். பால் கொண்டுவந்தவர்கள் நிறைய. ஐயர் செம்பை வாங்கி, மற்றப் பால்களோடு சேர்த்துக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான். ஒரு மாரி, ஒரு கன்று, ஒரு வெள்ளி தவறி இன்னொரு வெள்ளி, எல்லாம் ஒரு நொடியில் முடிந்தது. பரமேசக்கா கண்ணை மூடி நின்றாள். நான் பக்கத்தில் சும்மா நின்றேன். அங்கே சும்மா நிற்பதே நன்றாக இருந்தது. மதியம் அன்னதானத்தில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும் படகுக்காகத் துறையில் காத்திருந்தபோது பரமேசக்கா கேட்டாள். "டொக்டர் சொன்னவ, சிவலைக்கு எண்டு ஒரு வட்டம் இருக்காம். மருந்து இல்லாதது. காட்டுங்கோ பாப்பம்."

போனில் போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். வெயிலுக்குக் கையை மறைப்பாக வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. விரலால் பெரிதாக்கி, அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினேன். நடேசண்ணையும் எட்டிப் பார்த்தார். முதலில் வந்த பெரிய வட்டத்தையும் பக்கத்தில் காட்டினேன், அது டியூபுடையது என்று. அவர் உடனே மறுபடி கடலைப் பார்க்கத் தொடங்கினார்.

"அது தன்ரபாட்டிலை செய்தது இவ்வளவுதானோ?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான்ங்க."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை என்னிடம் தந்தாள். காலிச் செம்பை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"காணும்" என்றாள். "அதுவும் சின்ன மாடுதானே."